நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: குரூப் 4 தேர்வு மூன்று முறை எழுதிவிட்டேன். வயது 28. போன முறை ஆறே கேள்வியில் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் "நம்பிக்கையை விடாதே" என்கிறார்கள். புத்தகத்தை எடுத்தாலே மனசு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. நம்பிக்கையை எங்கே போய்த் தேடுவது?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: நம்பிக்கை வந்தபின் படிக்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், சகோதரி. ஏதோ ஒரு சின்ன விஷயமாவது நம் கைக்கு அடங்குகிறது என்று தெரிந்தபிறகுதான் மனசு திரும்பும்.

தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் அசையாமல் கிடந்ததை மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற உளவியலாளர்கள் 1967-ல் எழுதினார்கள். அவை இயலாமையைக் கற்றுக்கொண்டன என்றே வெகுகாலம் சொல்லப்பட்டது. 2016-ல் அவர்களே அதைத் திருத்தினார்கள்: நீடித்த துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பு, "இதை என்னால் மாற்ற முடியும்" என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. உங்களுக்கு நேர்ந்திருப்பதும் அந்த முடக்கம்தான். சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

போன தேர்வின் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் எடுங்கள். நாளுக்கு 25 கேள்வி பார்த்தால் எட்டு நாளில் 200-ம் முடியும். தவறிய கேள்விக்கு எதிரே காரணத்தைக் குறியுங்கள்: படிக்கவே இல்லை, படித்தது மறந்தது, இரண்டு விடையில் தடுமாறினேன், கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. மறதி அதிகம் என்றால் புதுப் புத்தகம் வாங்குவது வீண் செலவு. படித்ததை மறுநாளும் ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோல இருக்கும், தேர்வறையில் வராது. வாசிப்புப் பிழை அதிகம் என்றால், "தவறானது எது", "பொருந்தாதது எது" என்ற சொற்களுக்கு அடிக்கோடிட்டுவிட்டு விடைக்குப் போகப் பழகுங்கள். எல்லாக் கேள்விக்கும் ஒன்றரை மதிப்பெண்தான். ஆறு கேள்வி என்பது ஒன்பது மதிப்பெண். உங்கள் வாசிப்புப் பிழைகளை மட்டும் எண்ணிப் பாருங்கள், அதிலேயே பாதி கிடைத்துவிடலாம்.

பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. உற்சாகத்தில் பன்னிரண்டு மணி நேர அட்டவணை போடுவார்கள். நாலாம் நாள் அது உடையும், "நம்மால் ஆகாது" என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்படும். முதல் இரண்டு வாரம் 25 நிமிடமாக இரண்டு தடவை போதும். "காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் உட்காருவேன்" என்று, தினமும் செய்யும் ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள்.

"அடுத்த முறை நிச்சயம்" என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம். 2022 அறிவிக்கையில் 7301 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அந்த நெரிசலில் தவறியதை உங்கள் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே காரணத்தால், அந்த ஒரு கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. இன்னும் எத்தனை முறை எழுதுவது, அதுவரை செலவுக்கு என்ன வழி என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். தட்டச்சு படித்திருக்கிறீர்களா? தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு முதுநிலை (சீனியர்) தேர்வு முடித்தால் இதே குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கும் போட்டியிடலாம். அங்கே தகுதியுள்ளவர்கள் குறைவு.

கேள்வி: பிளஸ் டூ இயற்பியலில் மகன் பெயில். அறையை விட்டு வெளியே வருவதில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
– ஒரு தாய், திருவண்ணாமலை

பதில்: முதல் இரண்டு நாள் எதுவும் சொல்ல வேண்டாம், அம்மா. சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை எடுக்கவே கூடாது. பிறகு விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அது கையில் இருந்தால்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். அதற்கான நாள்கள் குறைவு, பள்ளியில் உடனே விசாரியுங்கள். முடிவுக்காகக் காத்திராமல் துணைத்தேர்வுக்கும் பணம் கட்டிவிடுங்கள். இயற்பியலில் தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் 70-க்கான எழுத்துத் தேர்வில் குறைந்தது 15. ஒரு மதிப்பெண் கேள்விகளே 15 வருகின்றன, அங்கிருந்து தொடங்கட்டும்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகியும் திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்று ஒரு தடவை சொன்னாலும் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம். அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் இலவச எண் அது. இரவானாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.