இடைக்கால ஓவியர்களுக்கு வரையத் தெரியாதா?

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய ஓவிய வரலாறு குறித்த நூல் ஒன்றை அண்மையில் படித்து முடித்தேன். இடைக்காலப் படங்களில் மரியாள் தங்கப் பின்னணியில் ஆழமே இல்லாமல் தட்டையாக அமர்ந்திருக்கிறார்; மடியிலிருக்கும் குழந்தைக்கோ முதியவர் முகம். மறுமலர்ச்சிக் காலத்தில் ஓவியர்கள் வரையக் கற்றுக்கொள்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் கற்றதை எல்லாம் உதறிவிட்டு வெறும் கறுப்புச் சதுரம் வரைகிறார்கள். தெரியாமல் இருந்தது, தெரிந்தது, பின் வேண்டாமென்று விட்டது என இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளலாமா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்லும் கதைக்கு ஏறத்தாழ ஐந்நூறு வயதாகிறது. ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி, 1550-இல் வெளியிட்ட கலைஞர் வரலாறுகளில், இத்தாலிய ஓவியர்களில் ஜொத்தோவின் காலத்தைக் குழந்தைப் பருவமாகவும், மசாச்சோவின் காலத்தை இளமையாகவும், லியோனார்டோ தொடங்கி மைக்கலாஞ்சலோ வரையிலான காலத்தை முதிர்ச்சியாகவும் வகுத்தார். நூலை இத்தாலிய நகரமான ஃப்ளாரன்ஸின் ஆட்சியாளர் கோசிமோ தெ மெதிச்சிக்குக் காணிக்கையாக்கியவர் அவர். ஃப்ளாரன்ஸ்காரரான மைக்கலாஞ்சலோவே உச்சியில் நிற்கும்படி அவருடைய ஏணி அமைந்ததில் வியப்பில்லை. உச்சியை இப்படி முன்கூட்டியே குறித்துவிட்டால், அதற்குப் பின் வருவது எதுவாக இருந்தாலும் இறக்கமாகத்தான் தெரியும். கறுப்புச் சதுரத்தைக் கண்டதும் உங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தில் பாதி வசாரியுடையது என்பேன்.

இடைக்காலத்தவருக்குக் கண்ணில் பட்டதை அப்படியே வடிக்கத் தெரியாது என்பதை இங்கிலாந்தின் சவுத்வெல் தேவாலயம் ஒன்றே மறுத்துவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கல்லில் செதுக்கப்பட்ட இலைகளில், இது ஓக், இது மேப்பிள், இது திராட்சை என்று இனம் பிரித்துச் சொல்ல முடிகிறது. அதே தலைமுறையில்தான் இத்தாலியின் சியன்னாவில் தூச்சோ தங்கப் பின்னணியில் மரியாளை வரைந்துகொண்டிருந்தார். 1308-இல் ஒப்பந்தமாகி 1311 ஜூன் 9 அன்று முடிந்த அந்தப் பெரும் பீடப்படத்தை (தேவாலயப் பலிபீடத்தின் மேல் வைக்கும் படம்), கடைகளை அடைத்து, மணிகளை ஒலித்து, ஆயரும் நகர அதிகாரிகளும் மக்களும் ஊர்வலமாகப் பேராலயத்துக்குக் கொண்டுசென்றனர். நகரத்தைக் காப்பவளாக வணங்கப்பட்ட மரியாளின் காலடியில், சியன்னாவுக்கு அமைதியையும் தமக்கு வாழ்வையும் வேண்டி தூச்சோ எழுதிவைத்த வரிகள் இன்றும் உள்ளன.

அத்தகைய படத்தில் தங்கம் என்ன வேலை செய்தது என்பதை அச்சிட்ட நூலில் காண முடியாது, ஏனெனில் அச்சில் தங்கம் மஞ்சளாகச் செத்துவிடும். பலகையின் மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் செந்நிறக் களிமண், அதன்மேல் ஊதினால் பறக்கும் பொன்தாள், அதை வழவழப்பாக்கத் தேய்க்கும் கல் அல்லது நாய்ப்பல் என்று 1400-ஐ ஒட்டி ஓவியர் சென்னினி எழுதிய கையேடு ஒவ்வொரு படியையும் விவரிக்கிறது. மரியாளின் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தில் சிறு அச்சுகளைத் தட்டிக் குழிகள் பதிப்பதும் வழக்கம்; மெழுகுவத்தி அசையும்போது ஒவ்வொரு குழியும் வெவ்வேறு கோணத்தில் ஒளியைச் சிதறடிக்கும். பின்னணியில் மலையும் வானமும் வரைந்திருந்தால், அவள் குறிப்பிட்ட ஓரிடத்தில் இருப்பவளாகியிருப்பாள்; தங்கம் அவளை எந்த இடத்துக்கும் கட்டுப்படாதவளாகக் காட்டியது. குழந்தையின் முதிய முகத்துக்கும் காரணம் இதைப் போன்றதே: அங்கே வரையப்பட்டவர் பச்சிளங்குழந்தை அல்லர், முழு ஞானத்தோடு பிறந்தவராக நம்பப்பட்ட கடவுள்.

மறுமலர்ச்சிக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. சுவருக்குள் ஓர் அறையே இருப்பதாகக் கண்ணை நம்பவைத்த மசாச்சோவின் 'திரித்துவம்' போன்ற ஒன்று, ஆழம் காட்டும் கணித முறை இல்லாமல் பிறந்திருக்காது. ஆனால் அத்துடன் மதிப்பின் அளவுகோலும் மாறியது. 1435-இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்த்தி, பொன்னை ஒட்டுவதைவிடப் பொன்னின் பளபளப்பை வெறும் வண்ணத்தால் காட்டும் ஓவியரே பாராட்டுக்குரியவர் என்று எழுதினார். பணம் செலவிட்டவர்கள் அதுவரை பொருளுக்குக் கொடுத்த விலையை மெல்ல மெல்ல ஓவியரின் கைத்திறனுக்குக் கொடுக்கத் தொடங்கினர். 1485-இல்கூட ஓவியர் கிர்லாந்தாயோவின் ஒப்பந்தம் ஒன்று, அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் (ஃப்ளாரன்ஸின் பொற்காசு) மதிப்புள்ள நீல வண்ணத்தையே பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறது. பழைய அளவுகோல் அவ்வளவு எளிதில் விலகவில்லை.

அடுத்த மூன்று நூற்றாண்டுகளை இங்கே தாண்டிச் செல்கிறேன். 1839-இல் புகைப்படம் அறிவிக்கப்பட்டதும் ஓவியம் சட்டென்று மாறிவிட்டது என்று பலரும் சொல்வது எனக்கு அரைகுறை விளக்கமாகவே படுகிறது. தட்டையான பரப்பை நாடிச் சென்ற நவீனர்கள், பழைய படங்களைத் தாமே தேடிப் போய்ப் பார்த்தார்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1911-இல் மாஸ்கோ சென்றபோது அங்கிருந்த இடைக்காலத் திருவுருவப் படங்களைக் கண்டு பெரிதும் வியந்தார். உங்களை உறுத்தும் கறுப்புச் சதுரத்தை ரஷ்ய ஓவியர் மலேவிச் 1915-இல் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) காட்சிக்கு வைத்தபோது, சுவர்கள் கூடும் மூலையில், கூரையை ஒட்டி மாட்டினார். ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படத்துக்கு உரிய இடம் அது. நூலில் தனியாக அச்சிடப்பட்ட சதுரத்தில் இந்தத் துணிச்சல் தெரியாது. அந்தப் படம் எனக்குப் பெரிதாகப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரையத் தெரியாதவரின் அல்லது மறந்தவரின் வேலையாக அதை என்னால் எண்ண முடியவில்லை.

இந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் தெற்குச் சன்னலுக்கு ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007-இல் 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களை அமைத்தபோது, உருவமற்ற அந்தச் சன்னல் மசூதிக்கே பொருத்தம் என்று அந்நகரின் கர்தினாலே குறைகூறினார். படம் அங்கே என்ன வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. சியன்னாக்காரர்களுக்கு அந்தக் கவலை நன்றாகவே விளங்கியிருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வசாரியின் வரிசையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, ஓவியர் வான் எய்க் 1432-இல் முடித்த, பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பீடப்படத்திலிருந்து தொடங்குங்கள். அதன் நுட்பமான படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மடித்து மூடிய நிலையில் தெரியும் மங்கள வார்த்தைக் காட்சியை (வானதூதர் மரியாளுக்கு இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் காட்சி) முதலில் பெரிதாக்கிப் பாருங்கள். படச்சட்டத்தின் நிழல் அறையின் தரையில் விழுவதாக வரைந்திருப்பார்; அந்த நிழல், படம் வைக்கப்படவிருந்த சிற்றாலயத்தின் சன்னல் எந்தப் பக்கம் இருந்ததோ அதற்கேற்ப விழுகிறது.