ரப்பர், பாதாம் பிசின், ஸ்டாடிங்கர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

திருமங்கலம், பஞ்சர் கடை: அண்ணே, பாலிமர் வேதியியலின் தந்தை என்கிறார்களே ஸ்டாடிங்கர், ரப்பரைக் கண்டுபிடித்தவரா?

இல்லை தம்பி. அவருக்கு முன்பே ரப்பர் டயராக ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே எப்படி இருக்கிறது என்பதில்தான் சண்டை. சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஈர்ப்பில் குவிந்து கிடக்கின்றன என்பது அன்றைய பெரிய தலைகளின் கட்சி. ஜெர்மனிக்காரரான ஹெர்மன் ஸ்டாடிங்கர், ஆயிரக்கணக்கான அணுக்கள் சாதாரண வேதிப்பிணைப்பால் இணைந்த நீளச் சங்கிலி என்று 1920இல் எழுதினார். பாலிமர் என்பது அந்தச் சங்கிலிதான். மாட்டுத்தாவணி மார்க்கெட் கணக்கில், அவர்கள் உதிரி மல்லி என்றார்கள், இவர் கட்டின சரம் என்றார்.

மேலூர், பிளஸ் டூ மாணவி: எப்படி நிரூபித்தார் சார்?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான் பாப்பா. ரப்பரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளின் மிச்ச ஈர்ப்புதான் சின்ன வளைய மூலக்கூறுகளை ஒட்டவைக்கிறது என்றது எதிர்த்தரப்பு. சரி, ஹைட்ரஜன் ஏற்றி அந்த இரட்டைப் பிணைப்பையே ஒழித்துவிட்டால் ஒட்டு விட்டுப்போய், சாதாரணச் சின்ன ஹைட்ரோகார்பனாகக் காய்ச்சி வடிக்க வந்தாகவேண்டும் இல்லையா? 1922இல் செய்து பார்த்தார், வரவில்லை. கரைசலில் பழையபடி கூழ்மமாகவே, அதாவது பெரிய துகள்கள் மிதக்கும் கலவையாகவே நின்றது. அப்படியும் விடவில்லை, படிகத்தின் அலகுக்கூட்டைவிட (திரும்பத் திரும்ப அடுக்கி வரும் மிகச் சின்னக் கட்டம்) மூலக்கூறு பெரிதாக இருக்க முடியாது என்று எக்ஸ்ரே ஆட்கள் வேறு மல்லுக்கு நின்றார்கள். நோபல் 1953இல்தான், அவருக்கு 72 வயது.

சிம்மக்கல்: ஜிகர்தண்டாவில் பாலிமர் இருக்கிறதாமே, குடிக்கலாமா?

தாராளமாக. பாதாம் பிசின் என்பது சர்க்கரை அலகுகள் கிளைகிளையாகக் கோத்த இயற்கைப் பாலிமர், கடல்பாசியும் சர்க்கரை அலகுகள் கோத்த பாலிமர்தான். ராத்திரி ஊறப்போட்ட நாலு கட்டி காலையில் கிண்ணத்தை நிறைத்து நிற்பது, சங்கிலிகளுக்கிடையே தண்ணீர் மாட்டிக்கொள்வதால்.

உசிலம்பட்டி: ஹிட்லர் காலத்தில் அவருக்குச் சிக்கல் வந்ததா?

வந்தது. முதல் உலகப்போரை எதிர்த்து எழுதியவர் ஆயிற்றே. அவர் வேலை பார்த்த ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த தத்துவவாதி ஹைடெகரே அவரைப் போட்டுக்கொடுத்தார். வேலை எப்படியோ தப்பியது. (அந்த முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் மிளகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது செயற்கை மிளகுக்கு வழி பார்த்தவரும் இவரே!)

திருப்பரங்குன்றம்: பிளாஸ்டிக் ரோடும் இவர் யோசனையா?

அது நம்மூர்ச் சரக்கு ஐயா. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன் செய்தது, 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடான ஜல்லியில் துண்டாக்கிய கேரிபேக்கைக் கொட்டினால் எரியாமல் இளகிக் கல்லின் மேல் படலமாகப் படியும், அப்புறம்தான் தார். பி.வி.சி. மட்டும் சேர்க்கக்கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும்.