பூட்ஸ் வாங்கித் தந்தவர் இப்போது குழு விவரம் கேட்கிறார்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். 19 வயது மகன் மாநில இளையர் காற்பந்துக் குழுவில் ஆடுகிறான். திடலில் பழக்கமான ஒருவர் முதலில் பூட்ஸ் வாங்கித் தந்தார், அப்புறம் 500 வெள்ளி. இப்போது, ஆட்டத்துக்கு முதல் நாள் யார் யார் இறங்குகிறார்கள் என்று சொன்னால் போதும் என்கிறாராம். “பணத்தைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?”

ஆகாதம்மா. லஞ்சம் அரசாங்க ஊழியர் சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறோம். கிளப்புக்காக ஆடுகிறவனுக்கும் 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் பொருந்தும். அதன் 25ஆம் பிரிவுப்படி, லஞ்சம் தர முன்வந்தாலே புகார் செய்தாக வேண்டும். மறைத்தால் 10 ஆண்டு வரை சிறை, 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். சிங்கப்பூர் 4-0 என்று பகாங்கை வென்றது. அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல். அடுத்த ஆண்டே ‘கேலோங்’ என்கிற, பணத்துக்காக ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசிவைக்கும் சதி வழக்கில் அவர் குற்றவாளி என்று சிங்கப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 50,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம். அந்தப் பருவத்தில் அவரோடு ஆடிய மிக்கால் வானா ஜாமீனில் வந்து நாட்டைவிட்டே ஓடிப்போனார். இங்கே மலேசியாவில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். சிலரை ‘புவாங் டயேரா’ என்று சொந்த ஊரிலேயே இருக்கவிடாமல் வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு ஆடி மேலே வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆண்டுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் மகன் இன்னும் வாய் திறக்கவில்லை என்றால், தப்பிக்க நேரம் இருக்கிறது.

அந்த ஆளைத் தேடிப்போய்ச் சண்டை போட வேண்டாம். வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றைக்கூட அழிக்க வேண்டாம். பூட்ஸையும் மிச்சப் பணத்தையும் தனியே எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில், எங்கே, யார் முன்னால் கொடுத்தார் என்று மகனையே எழுதச் சொல்லுங்கள். பணம் செலவாகியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், தகவல் கொடுப்பவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அதிகாரிகளிடம் சொன்னால்தான் கிடைக்கும். குழு மேலாளரிடம் சொல்லலாம், ஆனால் அதோடு கடமை முடிந்துவிடாது.

ஊழல் தடுப்பு ஆணையத்தின் (எஸ்பிஆர்எம்) இலவச எண் 1-800-88-6000. நேரில் போவதானால் ஈப்போவில் அலுவலகம் இருக்கிறது, பக்கத்துப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் ஏற்கெனவே கைமாறியிருப்பதால், வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் அடுத்த ஆட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள்.