உள் க்வெரியில் இல்லாத பெயருக்கு ஏன் பிழை வரவில்லை?

கேள்வி: விலக்கிவைத்த வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை மட்டும் நீக்குவதற்காக எஸ்க்யூஎல்லில் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் மொழி) இப்படி எழுதினேன்: டெலீட் ஃப்ரம் ஆர்டர்கள் வேர் வாடிக்கையாளர்_எண் இன் (செலக்ட் வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் விலக்கியோர்). பிழை எதுவும் காட்டாமல் ஓடியது. பார்த்தால் ஆர்டர்கள் டேபிளில் ஐந்தாறு வரிகள் மட்டும் மிச்சம். விலக்கியோர் டேபிளில் வாடிக்கையாளர்_எண் என்ற நெடுவரிசையே கிடையாது, அங்கே அதன் பெயர் உறுப்பினர்_எண் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தனியாக ஓட்டினால் பிழை வருகிறது. சேர்த்து ஓட்டினால் ஏன் வரவில்லை? எங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தவர், “இது சர்வர் கோளாறு, அதனால்தான் சில வரிகள் மட்டும் தப்பியிருக்கின்றன, புது வெர்ஷன் போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். போட வேண்டுமா?

பதில்: இதற்காகப் போட வேண்டாம். நீங்கள் எழுதியது எதுவோ அதைத்தான் டேட்டாபேஸ் செய்திருக்கிறது. நீங்கள் நினைத்தது வேறு, அவ்வளவுதான். எந்த டேட்டாபேஸ் என்று நீங்கள் சொல்லவில்லை. பெயர் தேடும் இந்த விதிக்கு அது தேவையும் இல்லை. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரேஸ், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாவற்றிலும் இதே க்வெரி இதையேதான் செய்யும்.

அறைக்குள் நின்றுகொண்டு “தம்பி” என்று கூப்பிடுகிறீர்கள். அறைக்குள் ஒரு தம்பி இருந்தால் அவன் திரும்புவான். இல்லையென்றால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவன் “என்னண்ணே” என்று எழுந்து வருவான். யாருமே வராவிட்டால்தான் ஆளில்லை என்று தெரியும். உள் க்வெரியில், அதாவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் செலக்ட்டில், பெயரைத் தேடுவதும் இப்படித்தான். உள்ளே இருக்கும் டேபிள்களில் முதலில் பார்க்கும். அங்கே இல்லையென்றால் ஒரு படி வெளியே வந்து, வெளி க்வெரியின் டேபிளில் பார்க்கும். எங்குமே இல்லாவிட்டால்தான் பிழை. விலக்கியோரில் வாடிக்கையாளர்_எண் இல்லை. வெளியே ஆர்டர்களில் இருக்கிறது. கிடைத்துவிட்டதல்லவா, சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டது. தனியாக ஓட்டும்போது வெளியே என்று ஒன்றே கிடையாது. அதனால்தான் அப்போது பிழை வந்தது.

சரி, கிட்டத்தட்ட எல்லா ஆர்டரும் ஏன் போயிற்று? 17-ஆம் எண் வாடிக்கையாளரின் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள் க்வெரி விலக்கியோரில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்ணைத் தருகிறது. ஆனால் அந்த எண் வெளியே நிற்கும் ஆர்டரின் எண்தான்: 17, 17, 17. இப்போது கேள்வி, 17 என்பது 17, 17, 17 என்ற பட்டியலில் இருக்கிறதா என்று ஆகிவிட்டது. இருக்கிறது, நீக்கு. அடுத்தது 18. அதற்கும் இதே கதைதான். விலக்கியோர் டேபிள் காலியாக இருந்திருந்தால் ஒரு வரிகூடப் போயிருக்காது. ஒரே ஒருவர் அதில் இருந்தாலும் போதும், எண் உள்ள ஆர்டர்கள் எல்லாமே போகும்.

அந்த ஐந்தாறு வரிகளுக்கு வருகிறேன். அதைக் காட்டித்தானே உங்களிடம் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்? அந்த வரிகளைத் திறந்து வாடிக்கையாளர்_எண்ணைப் பாருங்கள். காலியாக இருக்கும், அதாவது நல். நல் என்றால் பூஜ்யம் இல்லை, தெரியாது என்று பொருள். தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமா என்று கேட்டால் எஸ்க்யூஎல் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்பதே பதில். வேர் என்பதோ (நிபந்தனை சொல்லும் பகுதி) ஆம் என்ற பதிலை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். ஆகவே நல் உள்ள வரி நீக்கப்படவில்லை. மூன்று நல்கள் உள்ள பட்டியலில் நல் இருக்கிறதா என்று கேட்டாலும் இதே பதில்தான். பட்டியல் முழுக்க நல்லே இருந்தாலும் இதுதான். இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சர்வர் தடுமாறியிருந்தால் கண்டபடி சில வரிகள் தப்பியிருக்கும். இங்கே தப்பியவை அத்தனையும் ஒரே அடையாளத்தோடு நிற்கின்றன. கோளாறு இப்படி ஆள் பார்த்து வராது.

உங்கள் ஆளுக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தே சொல்லியிருக்கவும் கூடும். டேட்டா போய்விட்ட பதற்றத்தில் இருப்பவரிடம் எதையும் விற்கலாம் என்று சிலருக்குத் தெரியும். வெர்ஷன் மாற்றம், புது சர்வர், அப்புறம் போன டேட்டாவை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு மென்பொருள். எதற்கும் பணம் கட்டும் முன்னால் ஒன்று செய்யுங்கள். டேபிள்களை நகலெடுத்து, அந்த நகலில், உங்கள் கண் முன்னால், உள்ளே உள்ள பெயருக்கு முன் டேபிளின் பெயரைச் சேர்த்து முழு க்வெரியையும் ஓட்டச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் இப்படி இருக்கும்: செலக்ட் விலக்கியோர்.வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் விலக்கியோர். அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று உடனே பிழை வரும். பிழை எண் மைஎஸ்க்யூஎல் என்றால் 1054, எஸ்க்யூஎல் சர்வரில் 207, ஆரக்கிளில் 00904. ஒரு புள்ளி சேர்த்ததும் கோளாறு போய்விட்டதா என்று அவரிடம் கேளுங்கள்.

இனி இதுதான் பழக்கம்: உள் க்வெரியில் எந்த நெடுவரிசையையும் முன்னொட்டு (முன்னால் டேபிள் பெயரும் ஒரு புள்ளியும்) இல்லாமல் எழுதாதீர்கள். டேபிள் பெயர் நீளமாக இருந்தால் சுருக்கப் பெயர் கொடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டேபிள்தானே, எதற்கு என்று தோன்றும். உங்கள் க்வெரியிலும் உள்ளே ஒரே ஒரு டேபிள்தான் இருந்தது.

டெலீட்டுக்குப் பதிலாக செலக்ட் போட்டுப் பார்த்துவிட்டு நீக்குங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பாதி அறிவுரை. செலக்ட்டும் இதே விதியில்தான் ஓடும், பிழை காட்டாது. திரையில் முதல் இருபது வரிகளைப் பார்த்து ஆர்டர் மாதிரிதான் இருக்கிறது என்று திருப்திப்பட்டால் போயிற்று. எத்தனை வரிகள் வந்தன என்று எண்ணுங்கள். மொத்த டேபிளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நின்றால் கை வைக்காதீர்கள். க்வெரி எழுதித் தரும் கருவிகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் டேபிளில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், இருக்க வேண்டிய பெயரை அவையே ஊகித்துப் போட்டுவிடும். அந்த ஊகம் வெளி டேபிளில் பொருந்திவிட்டால் உங்கள் கதைதான்.

முன்னொட்டு இல்லாவிட்டால் இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழும். உள் க்வெரி வெளி டேபிளின் நெடுவரிசையை வேண்டுமென்றே, ஆனால் வெறும் பெயரால் பயன்படுத்துகிறது என்று வையுங்கள். பல வருடம் ஒழுங்காக ஓடுகிறது. ஒருநாள் யாரோ உள் டேபிளில் அதே பெயரில் ஒரு நெடுவரிசை சேர்க்கிறார். அடுத்த முறை ஓடும்போது அந்தப் பெயர் உள்ளேயே கிடைத்துவிடும். ஒரு எழுத்துகூட மாறாத க்வெரியின் அர்த்தம் மாறிவிட்டது. இதற்கும் எச்சரிக்கை எதுவும் வராது.

இதில்தான் எனக்கு எரிச்சல். ஒரே மட்டத்தில் இரண்டு டேபிள்களில் ஒரே பெயர் இருந்தால் எது என்று தெளிவாகச் சொல் என்று டேட்டாபேஸ் நம்மைக் கண்டிக்கிறது. பெயர் மட்டம் தாண்டி வெளியே போகும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை. எஸ்க்யூஎல்லுக்கு முதல் தரநிலை வந்தது 1986-இல். இத்தனை வருடத்தில், இந்தப் பெயர் வெளியிலிருந்து எடுக்கப்பட்டது என்று க்வெரி ஓடும்போது ஒரு வரி எழுதிக் காட்ட அதற்கு மனம் வரவில்லை. வெளி டேபிளைப் பார்க்கும் வசதியே தப்பு என்று சொல்லவில்லை. எக்ஸிஸ்ட்ஸ் (உள் க்வெரியில் ஒரு வரியாவது கிடைக்கிறதா என்று பார்ப்பது) போட்டு எழுதும் க்வெரிகள் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கின்றன. (ஃப்ரம் பகுதிக்குள் எழுதும் உள் க்வெரிக்கு நடைமுறை வேறு. அது இப்போது உங்களுக்கு வேண்டாம்.)

போன ஆர்டர்களுக்கு வருவோம். கமிட் ஆகவில்லை என்றால், அதாவது மாற்றம் இன்னும் நிரந்தரமாகவில்லை என்றால், ரோல்பேக் (மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை) கொடுத்தால் போதும், ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு கட்டளையும் தானாகவே கமிட் ஆகிவிடும். ஆரக்கிளில் ஃப்ளாஷ்பேக் மூலம் சற்று முன் இருந்த நிலையைப் பார்க்கலாம், நேரம் கடந்தால் அது கைவிட்டுப் போகும். மைஎஸ்க்யூஎல் 8.0 என்றால் பைனரி லாக் (டேட்டாவில் நடந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பு) இயல்பாகவே பதிவாகும். அந்த அமைப்புகளை யாரும் மாற்றாமல் இருந்தால் நீக்கிய வரிகள் முழுசாக அதில் இருக்கும். எதுவானாலும் முதலில் அந்த டேபிளில் புதிதாக எழுதுவதை நிறுத்துங்கள், பழைய லாக் கோப்புகளை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்பதானால் இருக்கிற டேபிளின் மேலேயே கொட்டாமல் வேறு பெயரில் ஒரு டேபிளாக மீட்டு, அங்கிருந்து விடுபட்ட ஆர்டர்களை மட்டும் எடுத்து வாருங்கள். அதற்கும் ஒரு உள் க்வெரி எழுத வேண்டியிருக்கும். முன்னொட்டுப் போட மறக்காதீர்கள்.