குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான், பேச்சு மட்டும் வரவில்லை

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. 'அம்மா', 'தா', 'ம்மே' தவிர வேறு பேச்சு இல்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் மாட்டான். குக்கர் விசிலுக்கு ஓடி வருகிறானே, காது நல்லாத்தான் இருக்கு என்கிறார் கணவர். 'இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்' என்கிறார் மாமியார். காது டெஸ்டுக்கு மயக்க மருந்து கொடுப்பார்களாமே, பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் காது டெஸ்ட், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு வயதில் 'பால் வேணும்', 'அப்பா வா' என்று இரண்டு சொல்லாவது சேர்ந்து வந்திருக்க வேண்டும், உங்கள் பையனுக்கு வரவில்லை, அதனால் இனி பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

குக்கர் விசில் பெரிய சத்தம். நடுத்தர அளவில் கேட்கும் திறன் குறைந்த குழந்தைக்கும் அது கேட்கும். பேச்சு அவ்வளவு சத்தமாக இருக்காது, அதிலும் 'ஸ', 'ச' மாதிரி மெல்லிய கீச்சு ஒலிகள் மட்டும் காதில் விழாத பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கு நாம் பேசுவது அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். அதனால் வீட்டில் தட்டைத் தட்டி, கதவைச் சாத்திப் பார்ப்பதை டெஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமியார் சொல்வதும் பொய்யில்லை, தாமதமாகப் பேசி எல்லோரையும் எட்டிப்பிடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள்தான். ஆனால் உங்கள் பிள்ளை அந்த ரகமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மொழியை மூளை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் வயது இது, இதில் ஒரு வருஷம் போனால் பெரிய இழப்பு.

இனி உங்கள் பயம். ஓஏஇ என்று ஒரு டெஸ்ட், காதுக்குள் மெத்தென்ற சின்னக் குமிழை வைத்து, உள்காது வேலை செய்கிறதா என்று சில நிமிடம் பார்ப்பார்கள், பையன் அசையாமல் இருந்தால் போதும், மருந்தே வேண்டாம். அடுத்தது பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன வயர்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, அது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது. ஊசி இல்லை, வலி இல்லை, ஆனால் குழந்தை அசைந்தால் பதிவு கெட்டுவிடும், அதனால் தூங்க வேண்டும். முந்தின ராத்திரி லேட்டாகப் படுக்க வைத்து, விடியற்காலையில் எழுப்பிவிடுங்கள், வேலூர் போகும் பஸ்ஸில் மட்டும் எப்படியாவது தூங்கவிடாதீர்கள். அங்கே தானாகத் தூங்கிவிட்டால் மருந்துக்கு வேலையே இல்லை. தூங்காவிட்டால் எடை பார்த்து ஒரு சிரப் கொடுப்பார்கள், ஆபரேஷனுக்குக் கொடுக்கிற மயக்கம் வேறு, இது வேறு. சளி, வீசிங், வலிப்பு ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். ஓஏஇ சரியாக வந்தாலும் பெராவை விடாதீர்கள், காது வேலை செய்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓஏஇயில் தெரியாது.

சளி பிடித்து செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருப்பதும் காரணமாக இருக்கலாம், அது சரிசெய்யக்கூடியது. அதற்காகக் காதில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், யார் சொன்னாலும் சரி.

எங்கே போவது? வேலூர் சிஎம்சியில் கூட்டம் அதிகம், அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டுப் போங்கள். செலவுக்கு யோசனை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். பிறந்தபோது ஐசியூவில் இருந்தானா, மஞ்சள் காமாலை கடுமையாக வந்ததா, நீங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்றெல்லாம் கேட்பார்கள், ஒளிக்காமல் சொல்லுங்கள். பரம்பரையாக வருகிற குறை சொந்தத்தில் கட்டினால் கூடுதலாக வரும் என்பதால்தான் கேட்கிறார்கள், உங்கள் மேல் பழி போட இல்லை.

கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தால் உடனே காது மெஷின். அதற்கும் கேட்காத அளவு என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அது உண்டு.

காது நன்றாக இருக்கிறது என்று வந்தால் அத்தோடு பஸ் ஏறிவிடாதீர்கள். கையைப் பிடித்து இழுத்துப் போவதையும் பெயர் சொன்னால் திரும்பாததையும் குழந்தை டாக்டரிடம் சொல்லி, ஆட்டிசத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்பீச் தெரபிக்குத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அவன் வீட்டில் விளையாடுவதைப் போனில் கொஞ்சம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைவிட அந்த வீடியோ டாக்டருக்கு அதிகம் சொல்லும். கணவரையும் கூடவே அழைத்துப் போங்கள்.