மூன்றாவது சொல்லை எங்கே வைப்பது?

மேடையில் மூன்று மூன்றாக அடுக்கிப் பேசுவது பற்றி வந்த கேள்விகளும், பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவன் என்ற முறையில் என் பதில்களும்.

கல்லூரி மாணவி: ஏன் மூன்று? நான்கு கூடாதா?

இரண்டு சொன்னால் கேட்பவர் இதுவா அதுவா என்று ஒப்பிடத் தொடங்கிவிடுவார். மூன்றாவது வந்தால்தான் காதுக்கு அது அடுக்கு. நான்கு நிற்காது. 1940 மே 13 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் சொன்னவை நான்கு: இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை. ஊர் வாயில் தங்கியது இரத்தம், வியர்வை, கண்ணீர் மட்டும். உழைப்பைக் கழற்றிவிட்டார்கள். வியர்வைக்குள்ளேயே அது இருக்கிறதே!

வங்கி ஊழியர்: இது மேல்நாட்டுச் சரக்குதானே?

கி.மு. 47இல் சீசர் 'வந்தேன், கண்டேன், வென்றேன்' என்றது உண்மை. ஆனால் வெண்பாவுக்கு மூன்று கருத்து என்று ஒரு நூல் முழுக்கப் பாடிய நல்லாதனார் நம்மவர். நூலின் பெயர் திரிகடுகம்: சுக்கு, மிளகு, திப்பிலி.

ஆசிரியர்: அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது?

'க' மோனை எல்லாருக்கும் தெரியும். எழுத்தை எண்ணிப் பாருங்கள்: கடமை மூன்று, கண்ணியம் ஐந்து, கட்டுப்பாடு ஆறு. படி ஏறுகிறது. 'கட்டுப்பாடு, கண்ணியம், கடமை' என்று திருப்பிச் சொல்லுங்கள், காற்றுப் போன பலூன் மாதிரி இருக்கும்.

அலுவலக உதவியாளர்: ஓய்வு பெறும் தலைமை எழுத்தருக்கு 'நல்லவர், வல்லவர், திறமைசாலி' என்று எழுதினேன். எடுபடாது என்கிறாள் மனைவி.

அவங்க சொல்வது சரி. வல்லவரும் திறமைசாலியும் ஒரே ஆள்தானே? உங்களிடம் இருப்பது இரண்டுதான். மூன்றாவது இடத்தை அடைக்க ஒன்றைத் திணித்திருக்கிறீர்கள். புகழ்ச்சியை விட்டு, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். 'ஒன்பதரைக்கு வருவார், ஒரு டீ குடிப்பார், அப்புறம் எந்த ஃபைலைக் கேட்டாலும் நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துத் தருவார்.' முதல் இரண்டும் யாருக்கும் பொருந்தும். மூன்றாவதில்தான் உங்கள் தலைமை எழுத்தர் வருகிறார். ஒரு முழுப் பேச்சில் இப்படி மூன்று அடுக்குவது இரண்டு இடத்தில் போதும்.

பட்டிமன்ற ஆர்வலர்: மூன்றாவதில் சிரிக்க வைக்கலாமா?

தாராளமாக. 'தாத்தா எங்களுக்கு விட்டுப்போனது ஒரு கிணறு, ஒரு மாமரம், கூட்டுறவு வங்கியில் ஒரு கடன்.' கடனை நடுவில் வைத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். முதல் இரண்டையும் முகம் மாறாமல் சொல்லுங்கள், கடன் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். என் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடி, கிளம்பிய சிரிப்பைத் தாங்களே அமுக்கிவிடுவார்கள்.