நீலியின் கண்ணீர்

வணக்கம் ஐயா,

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், வயது 26. சென்ற வாரம் பில்லில் நேர்ந்த பிழைக்காக மேலாளர் வாடிக்கையாளர் முன்னிலையில் ஒரு சொல் சொல்லிவிட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றிரவே வேலையை விடுவதாக வாட்ஸப்பில் அனுப்பி, காலையில் மன்னிப்புக் கேட்டேன். இது மூன்றாம் முறை. “எதுக்கெடுத்தாலும் நீலிக்கண்ணீர்” என்கிறார் அம்மா. தோழி மனநலச் சிகிச்சைக்குப் போகச் சொல்கிறாள். இது நோயா? போனால் என்னைக் கல்லாக்கிவிடுவார்களா? வேறு வேலை பார்க்கலாமா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

வேறு வேலையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நோயா என்று கேட்டால், எளிதில் புண்படும் மனம் மட்டும் நோயாகிவிடாது. அது உங்கள் அன்றாடத்தை முடக்குவதற்கு என்ன பெயர் என்பதை நேரில் பார்ப்பவரே சொல்ல வேண்டும். என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் அம்மாவின் சொல். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

நீலி கதையில் வரும் கள்ளியங்காடு நாகர்கோவிலுக்கு அருகில்தான் இருக்கிறது. கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “இவர் என் கணவர்” என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுது, வணிகனைத் தன்னோடு ஒரே வீட்டில் தங்க வைத்துக் கொன்றவள் நீலி. பொய்யழுகைக்கு அவள் பெயரை வைத்தோம். ஆனால் வில்லுப்பாட்டு அங்கிருந்து தொடங்குவதில்லை. முற்பிறவியில் அவள் ஒருவன் மடியில் நம்பித் தூங்கியவள். நகைக்காக அவன் அவள் தலையை மணலில் இறக்கி வைத்துக் கல்லைத் தூக்கிப் போட்டான். அந்த வணிகன் அவனுடைய மறுபிறவி. கணவன் என்றது பொய், துயரம் பொய்யல்ல. கதையின் முதல் பாதியைக் கேளாமல் இரண்டாம் பாதியிலிருந்து ஒரு வசவை உண்டாக்கி, அழுகின்ற பெண்கள்மேலெல்லாம் எறிந்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோயில் கொடை விழாவில் நள்ளிரவுக்குமேல் வில்லுப்பாட்டுப் புலவர், வில்லை அடிக்கும் வீசுகோலை நிறுத்தி, கல் விழுவதைப் பாட்டில்லாமல் வெறும் சொல்லாகச் சொன்னார். குடம் அடிப்பவரின் கையும் நின்றது. நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்திலிருந்த மாமா, “நீலிக்கண்ணீரு வடிக்கியாலே?” என்று சிரித்தார், சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எழுந்து ஓடப் போன என் கையைச் சித்தி பிடித்துக்கொண்டார். “அழுதுக்க மக்களே. ஆனா எழும்பி ஓடப்பிடாது.”

சித்தி சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களுக்கு ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, டி.பி.டி., அது. 1961-இல், 17 வயதில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே கிடந்தவர் அவர். 2011-இல் அதே மருத்துவமனையில் நின்று அதை வெளிப்படையாகச் சொன்னார். சிலருக்கு உணர்ச்சி சீக்கிரம் மூள்கிறது, ஓங்கி எரிகிறது, தணிய நெடுநேரம் எடுக்கிறது என்றும், ‘இதற்கெல்லாம் அழுவார்களா’ என்று ஓயாமல் கேட்கும் சுற்றம் அமையும்போது அந்த இயல்பே துன்பமாக முற்றுகிறது என்றும் அவர் விளக்கினார். ஆகவே அங்கே முதலில் உங்கள் அழுகைக்கு உங்கள் வாழ்க்கையில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வார்கள். நீலியின் முற்பிறவியைக் கேட்பது போல. அதன் பிறகுதான் மாற்றத்தைப் பற்றிப் பேசுவார்கள். கல்லாக்குகிற வேலை அங்கே நடப்பதில்லை.

மாற்றம் என்று நான் சொல்வது அந்த வாட்ஸப் செய்தியை. இங்கே உங்களைக் கண்டிக்காமல் விட எனக்கு மனமில்லை. மேலாளரின் சொல் சுட்டது உண்மை. அவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் இரவில் வேலையை எறிந்துவிட்டுக் காலையில் கெஞ்சுவதை மூன்று முறை செய்திருக்கிறீர்கள்; ஒவ்வொரு முறையும் உங்கள் மதிப்பை நீங்களே கொஞ்சம் அறுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நீலியின் துயரம் உண்மை என்பதற்காக அவள் செய்த கொலையை நான் ஏற்பேனா? அவளை நம்பி, வணிகனின் உயிருக்குப் பிணை நின்ற பெரியவர்களும் அல்லவா தீயில் இறங்கி மாண்டார்கள்! உணர்ச்சி நியாயமானது என்பதால் அது ஏவுகிற செயலும் நியாயமாகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியைத்தான் வாரந்தோறும் தருகிறார்கள். கொதிப்பு உச்சியில் இருக்கும்போது மூச்சை அடக்கிக் குளிர்ந்த நீரில் முகத்தைச் சிறிது நேரம் அமிழ்த்தச் சொல்வார்கள். இதயத்துடிப்பு குறையும் (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது). ஓடி ஒளியத் தோன்றும்போது, உண்மையில் ஆபத்து இல்லையென்றால், அதற்கு நேர்மாறாக மறுநாள் தலைநிமிர்ந்து கடைக்குப் போகப் பழக்குவார்கள். ஒரு வாரத்தில் கைவராது. முழுப் பயிற்சிக்குப் பெரும்பாலும் ஓராண்டு ஆகும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், பேச்சுச் சிகிச்சைக்கு என்ன வழி என்று கேளுங்கள். தாங்க முடியாத இரவில் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். முடிந்தால் அம்மாவையும் ஒருநாள் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் கோபம் வேண்டாம். அவர் அழுதபோதும் யாரோ அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள்.

போகும் நாள்வரை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, என்ன செய்தீர்கள். எத்தனை மணிக்கு அடங்கியது என்பதை விடாமல் எழுதுங்கள். சென்ற முறை இரண்டு நாள் என்றீர்கள். அடுத்த முறை எவ்வளவு என்று எனக்கும் எழுதுங்கள்.